மலேசியாவின் கோடு இறங்கிய வருடம்

இரண்டு நாடுகள், இரண்டு கோடுகள். கறுப்புக் கோடு மலேசியா, புள்ளிக் கோடு கானா. இருபது வருடங்களில் இந்த இரண்டு நாடுகளும் எவ்வளவு வன்மரம் ஏற்றுமதி செய்தன என்று படம் காட்டும். எது எப்போது ஏறியது, எது எப்போது இறங்கியது, எந்த இடத்தில் ஒன்றையொன்று தாண்டியது என்று நூற்றைம்பது சொல்லில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இருபது நிமிடம்தான் நேரம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற தாதிமார் எழுதும் ஆங்கிலப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி கட்டாயம் வரும். நான் பயிற்சிக்குக் கொடுக்கிற தாள்களில் உள்ள எண்களெல்லாம் யாரோ ஒரு புத்தகக்காரர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இட்டுக்கட்டியவை. அந்தக் கோடுகள் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, எவருக்கும் கவலை இல்லை. நாகலெட்சுமி அக்கா ஒருத்தர் மட்டும் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

நான் ஷிராணி. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பாமசியின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. பொய் இல்லை. ஒரே பிழையை மூன்றாம் முறை செய்தால் தாளைத் தூக்கி எறிந்துவிடுவேன், பிறகு நானே குனிந்து பொறுக்குவேன். என்னிடம் ஒழுங்காகப் படித்தவர்கள் எல்லாரும் லண்டன், டுபாய் என்று போய்விட்டார்கள். ஹட்டனில் மிஞ்சியிருப்பது படிக்காதவர்களும் நானும்தான்.

அக்கா வகுப்புக்கு வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து முடிந்திருந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். இவர் உயர்தரம் படித்து, தாதிப் பயிற்சி முடித்து, ஹட்டனில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இருபது வருடமாக வேலை பார்த்தார். வேலை முடிந்து நேரே படியேறி வருவார். கையில் குடை, பையில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். இடைவேளையில் அந்த ரொட்டி வகுப்பு முழுக்கச் சுற்றி வரும். கடைசித் துண்டு என் மேசைக்கு வரும். ரொட்டி வந்த நாட்களில் நான் குறைவாகத்தான் ஏசுவேன் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இப்போது சனிக்கிழமை இடைவேளைகளில் கடையில் பணிஸ் வாங்கிச் சாப்பிடுகிறோம். அது தொண்டையில் இறங்குவதில்லை.

அக்கா ஏன் அந்த வயதில் வெளிநாடு போக நினைத்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஒரு மழைக்காலத்தில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, மண்சரிவு அபாயம், இங்கே குடியிருக்கக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று அந்தத் தாளில் எழுதவில்லை. மழை பெய்தால் ஒன்பது குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போவார்கள். வெயில் வந்தால் திரும்பி வருவார்கள். மூன்று வருடம் இப்படி. அக்காவுக்கு இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில் தாதி வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்டுக்குள் ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். போய்ச் சம்பாதித்தால் மேடு இல்லாத இடத்தில் ஒரு காணி, அதில் ஒரு வீடு. அவ்வளவுதான் அவர் கேட்டது.

கேட்பதிலும் பேசுவதிலும் வாசிப்பதிலும் அக்கா கெட்டிக்காரி. எழுத்தில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். ஏனென்று அந்த மரத் தாள் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்காவின் விடையை எடுத்து வகுப்புக்கு முன்னால் சத்தமாக வாசித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் வாசித்தேன். அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இரண்டாயிரத்து எட்டில் மலேசியாவின் வன்மர ஏற்றுமதி சந்தோஷமாகக் குறைந்தது. ஆலைகள் மூடப்பட்டன, ஆட்கள் தங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதே வருடத்தில் கானாவின் ஏற்றுமதி பாவம், கூடிக்கொண்டே போனது.’

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

“ஏத்துமதி கொறையிறதுல என்னாக்கா சந்தோஷம்?” என்றேன். “அந்த நாட்டுக்காரன் தலையில கைய வச்சிட்டு உக்காந்திருப்பான்.”

“அவன் உக்காந்திருப்பான் மிஸ்,” என்றார் அக்கா. “எங்க வீட்டுல அன்னைக்குப் பாயாசம் வச்சோம்.”

“எதுக்கு?”

“மில்ல மூடுனதுக்கு.”

“அக்கா, இந்த எண்ணெல்லாம் பொய். எவனோ ஒருத்தன் சும்மா போட்டது. ஏறுனா ஏறுச்சுன்னு எழுதுங்க, எறங்குனா எறங்குச்சுன்னு எழுதுங்க. ஏன் எறங்குச்சுன்னு உங்ககிட்ட எவனும் கேக்கல.”

“பொய்யில்ல மிஸ்,” என்று அவர் விரலை அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் வைத்தார். “எட்டுல எறங்குது பாருங்க. சரியாத்தான் போட்டிருக்கான்.”

நான் சிவப்புப் பேனையால் தாள் முழுக்கக் கீறிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் வாடவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. வகுப்பு முடிந்து கீழே வந்தபோது பஸ் நிலையத்து மர வாங்கில் அவர் அக்கரப்பத்தனை பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால், “பஸ் இன்னும் வரலையா?” என்று கேட்டேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த வாங்கில்தான் அந்தக் கதையை எனக்குச் சொன்னார்.

அவர் கணவர் பெயர் அழகுமுத்து. கல்யாணம் ஆனபோது தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு விறகு பிளக்கிற வேலை. தொண்ணூற்றெட்டில் ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, மரத்தோடு பழகின ஆட்கள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டார். அழகுமுத்துவும் தோட்டத்து ஆட்கள் சிலரும் மலேசியாவுக்குப் போனார்கள். பகாங் பக்கத்தில் காட்டு மரம் அறுத்துக் கப்பலுக்கு அனுப்புகிற மில். அவர் போகும்போது அக்காவின் வயிற்றில் மகள் சுதர்ஷினி ஐந்து மாதம்.

முதல் கடிதம் வர மூன்று மாதம் ஆனது. அழகுமுத்துவுக்கு எழுத்து வராது. மில்லில் கூட வேலை செய்த ஒருவர்தான் எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பாராம். அதனால் எல்லார் வீட்டுக்கும் ஒரே கடிதம் வந்தது. நான் நலம், நீ நலமா, பிள்ளை நலமா, வேலை இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெண்ணின் கடிதத்தையும் தன் கடிதத்தையும் மாற்றி வைத்தால்கூடத் தெரியாது என்று அக்கா சிரித்தார். ஆனால் அக்காவின் கடிதத்துக்குள் மட்டும் ஒரு மரச்சீவல் இருந்தது. அன்றைக்கு அறுத்த மரத்தில் இருந்து, விரல் நீளத்துக்கு, சுருண்ட ஒரு சீவல்.

“அது ஒண்ணுதான் மிஸ் அவரு கையால வந்தது. மத்ததெல்லாம் அந்த ஆளு எழுதுனது.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சீவல் வந்தது. அக்கா அவற்றை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்தார். முதலில் வந்ததெல்லாம் கடுஞ்சிவப்பு. பெரிய காட்டு மரம், மூன்று பேர் கைகோர்த்தால்தான் சுற்றி வரும் என்று பிறகு லீவில் வந்தபோது கணவர் சொன்னாராம். மூன்று நான்கு வருடம் போனதும் சிவப்பு வெளிறியது. பிறகு வந்ததெல்லாம் வெள்ளை. காடு தூரமாகிப் போனது, பெரிய மரம் வரவில்லை, பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்துக் கதிரை செய்யக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் கடிதத்தில் வரவில்லை. போத்தலைப் பார்த்தே அக்கா தெரிந்துகொண்டார். அடியில் சிவப்பு, நடுவில் வெளிறல், மேலே வெள்ளை.

“வெள்ள வரத் தொடங்குன ஒடனே எனக்குள்ள ஒரு சந்தோஷம் மிஸ். சொல்லக்கூடாது, அங்க அவருக்கு வேல போகப்போவுது. இங்க நான் போத்தல எடுத்து எடுத்துப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் வெள்ளயா வரட்டும்னு இருந்தேன்.”

கடிதம் போய்த் தொலைபேசி வந்த காலத்தையும் சொன்னார். அக்கரப்பத்தனை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மலேசியாவில் இருந்து அழைப்பு வரும். ஏழெட்டுப் பெண்கள் எட்டு மணிக்கே போய் வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, தலையில் பூ வைத்து. கடைக்காரர் கேலி செய்வாராம், போனில் யார் உங்களைப் பார்க்கப்போகிறார்கள் என்று. கட்டாமல் போனால் பேச்சு வராது என்பார் அக்கா. மூன்று நிமிடம் பேசிவிட்டு, அந்தச் சேலையோடு சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, எல்லாரும் கூட்டமாக நடந்தே தோட்டத்துக்குத் திரும்புவார்கள். வழியெல்லாம் ஒவ்வொருத்தியும் தன் புருஷன் சொன்னதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். மூன்று நிமிடப் பேச்சு மூன்று மைல் தூரத்துக்குப் போதும். அதைச் சொல்லும்போது அக்காவுக்கு இருபத்தைந்து வயதுக் குரல் வந்துவிட்டது. அந்த வரிசையில் நானும் ஒரு நாள் நின்றிருக்கலாமே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசி மழையில் அழகுமுத்து ஒரு பையோடு வந்து இறங்கினார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போகிற மனிதர் என்பதால், இரண்டாம் நாளே மகள் கேட்டாளாம், அப்பா எப்போது திரும்பிப் போவார் என்று. மில்லை மூடிவிட்டார்கள், இனிப் போகமாட்டார் என்று அக்கா சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளை அதை நம்பவில்லை. பாயாசம் வைத்த பிறகுதான் நம்பியது.

“அதான் மிஸ் நான் சந்தோஷம்னு எழுதினேன். எனக்கு அந்தக் கோடு எறங்குறதப் பாத்தா வேற சொல்லு வரமாட்டேங்குது.”

“சரி, கானாவுக்கு ஏன் பாவம்?”

“மலேசியா எறங்குற எடத்துல கானா ஏறுதில்லையா? உலகத்துக்குப் பலக வேணும்தானே. எங்க வீட்டுக்கு ஆள் வந்த வருஷம் அங்க ஒருத்தி வீட்டுல இருந்து ஆள் காட்டுக்குப் போயிருக்கும். அவளும் ஏதாவது போத்தல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.”

எத்தனையோ வருடமாக இந்தத் தாளை நான் கொடுக்கிறேன். கூடியது, குறைந்தது, சடுதியாக, படிப்படியாக என்று முந்நூறு பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் புள்ளிக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பஸ் வந்தது நல்லதாகப் போயிற்று.

ஏறும் முன் ஒன்று கேட்டேன். “நீங்க போறதப் பத்தி அண்ணன் என்னா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல மிஸ். போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. அவரு பத்து வருஷம் போனாரு, நான் மூணு வருஷம் போறேன்னு சொன்னேன். எந்திரிச்சு லீக்ஸ் பாத்திக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாரு.”

அடுத்த சனிக்கிழமையில் இருந்து நான் அக்காவுக்கு வேறு வழி போட்டுக் கொடுத்தேன். தாளை நடுவில் மடிக்க வேண்டும். இடது பக்கத்தில் தமிழில் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட வேண்டும்: யார் போனார், யார் வந்தார், யார் அழுதார். ஐந்து நிமிடம். பிறகு அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு, வலது பக்கத்தில் ஆங்கிலத்தில் கோட்டை மட்டும் எழுத வேண்டும். முதல் வாரம் கண்ணீர் வலது பக்கத்துக்கும் கசிந்தது. நான் கத்தினேன். இரண்டாம் வாரம் ‘சந்தோஷமாக’ போய்விட்டது. மூன்றாம் வாரம் ‘பாவம்’ போய்விட்டது. நான்காம் வாரம் அக்கா எழுதிய மலேசியா-கானா விடையில் ஒரு பிழையும் இல்லை. வாசித்துப் பார்த்தேன், மற்ற முந்நூறு பேர் எழுதியது போலவே இருந்தது. சரி என்று போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு ரொட்டி எனக்கு ருசிக்கவில்லை. அவருடைய முதல் விடையை எப்படியாவது கேட்டு வாங்கி வைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜூன் கடைசியில் கொழும்பில் பரீட்சை எழுதிவிட்டு நேரே எனக்குப் போன் செய்தார். “கொட விக்கிறதப் பத்தி வந்துச்சு மிஸ். ரெண்டு கடக்காரனுங்க, யாருன்னே தெரியாது. கேள்வித் தாள் ஓரத்துல ‘நல்ல மழை பெஞ்சிருக்கும்’னு சின்னதா எழுதிட்டு, மத்ததப் பட்டுபட்டுன்னு எழுதிட்டேன்.” ஜூலையில் முடிவு வந்தது. எழுத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவு, ஒரு மயிரிழைகூட அதிகம் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு அக்கா வகுப்பு நடுவில் எழுந்து நின்றார். பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். சந்தோஷம்தான். கூடவே, நாமே பிடித்து வெளியே தள்ளிவிட்டோமே என்றும் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் அழகுமுத்து அண்ணனை முதல் தடவை நேரில் பார்த்தேன். மெலிந்த மனிதர். கோழிக் குழம்பு அவர் வைத்ததுதான். மகள் சுதர்ஷினி கொழும்பில் வேலை செய்யும் இடத்தில் லீவு எடுத்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் அண்ணன் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கத் தொடங்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை. அவருடைய இடது கையில் இரண்டு விரல் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மெஷினில் போய்விட்டது, பழைய மெஷின், அதைப் பழுதுபார்க்காமல் வைத்திருந்தார்கள் என்று அக்கா என் காதில் சொன்னார்.

“கனமானத அடியில வைக்கணும்,” என்றார் அண்ணன், அடுக்கிக்கொண்டே. “மொத நாளு தேவையானத மேல வைக்கணும். போன ஒடனே படுத்திராத, எதையாவது கழுவு, கூட்டு. அங்க ஒருத்தர் சாப்பிடக் கூப்பிட்டா வேணாம்னு சொல்லாத.” அத்தனை மாதம் வாய் திறக்காதவர் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா சின்னப் பிள்ளை போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“லெட்சுமி, ஒன் போனத் தொறந்தா மூணு பேரு படம் வருதே.”

“ஆமாங்க.”

“அத எடுத்துரு. மொத மாசம் எங்க மூஞ்சியப் பாக்காத. பேசு, தெனம் பேசு. வீடியோ போடாத. ரெண்டாவது மாசத்துல இருந்து பாரு.”

“ஏங்க? நீங்க என் போட்டோவக் கொண்டுட்டுத்தானே போனீங்க? பாக்காமயா இருந்தீங்க?”

அண்ணன் ஒரு ஸ்வெட்டரைச் சுருட்டி, பெட்டியின் மூலையில் அழுத்தி வைத்தார். “பாத்தேன். வேலைக்கிப் போறதுக்கு முன்ன எடுத்துப் பாத்துட்டுப் போவேன். அன்னைக்கும் பாத்துட்டுத்தான் போனேன். மெஷின்ல ஒரு பழுதும் இல்ல லெட்சுமி. நல்ல மெஷின்.”

இருபத்தைந்து வருடமாக அக்கா அந்த மெஷினைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“நீ ஊசி போடுற கை,” என்றார் அண்ணன். “ஒனக்கு வேணாம்.”

அக்கா போனை எடுத்து மகளிடம் நீட்டினார். “இத மாத்தித் தா.” சுதர்ஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டு எதையோ அழுத்தினாள். மூன்று பேரும் மறைந்து, போன் வாங்கும்போதே அதில் இருந்த ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரை வந்தது. அக்கா போனை வாங்கி, திரை இருண்டு போகும்வரை அந்தக் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.